ஆவணி ஷட்டவுன்

...இல்லண்ணே, நானும் தெரியாமத்தான் கேக்குறேன், இந்த சிதம்பரத்துல மண்டபம் என்னா ஒண்ணா ரெண்டா? கீழ வீதியில கேட்டாச்சி. பைபாஸ்ல கேட்டாச்சி. அண்ணாமலை நகரு வரைக்கும் போயி கேட்டாச்சி. அடுத்த வருசம் ஆவணியில அந்த ஒரு வாரம்னு வாயத் தொறந்ததுமே கைய விரிச்சிடுறாங்க. ஒக்காருங்க பாய்னுகூட ஒருத்தன் சொல்லல. இன்னும் இந்த வருசத்து ஐப்பசி மழையே விட்டபாடில்ல, தோ பாருங்க எப்புடி ஊத்துதுன்னு, அதுக்குள்ள வர்ற ஆவணி நெரம்பிடுச்சாம்! இது நியாயமா? யாரு பண்ண வேல இது, எனக்குத் தெரிஞ்சாகணும்!

கடேசியா ஒங்க அமராவதி மகால்ல வியாழக்கெழம ஒண்ணு காலியா இருக்குன்னு பூக்கடையில சொன்னாங்க. அவ்ளோதான், கொடையக்கூட விரிக்கல, ஓடியாந்துட்டேன். இருக்குல்ல? இருக்குன்னு தலைய ஆட்டுறீங்க. அல்ஹம்துலில்லாஹ். மத்த நாளு பேச்சே வேணாம். ஞாயிறு, திங்க, புதன் போச்சி. செவ்வா, புதன்காரங்க ரிசப்ஷனு. வெள்ளி அஷ்டமி, சனி நவமி, அந்த ரெண்ட யாரு தொடுவா? ஆக வியாழன் ஒண்ணுதான். புடிச்சி வைங்க.

அட்வான்ஸா? தரேண்ணே, தராம எங்க போவப்போறேன். சட்டப்பையிலதான் இருக்கு. பழனிவேல் மேனேஜர்னா தங்கமான மனுசன்னு லால்கான் தெருவுல எல்லாரும் சொல்லுவாங்க. மஜீத் பாய்னு கேட்டுப் பாருங்க, என்னையும் அப்புடித்தான் சொல்லுவாங்க. பேச்சு கொஞ்சம் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க, அதக் கண்டுக்காதீங்க. மழ விடட்டும், நீங்க மட்டும் இதுல எங்க வண்டிய எடுத்துகிட்டு போவப்போறீங்க? ஒக்காருங்க.

என்னாது? ஆடியில வச்சிக்கவா?

அட, சொல்லுவீங்கன்னு தெரியும். எல்லா மண்டபத்துலயும் இதேதான் சொன்னாங்க. 'ஒங்களுக்குத்தான் ஆடி கெடையாதே பாய், ஆடி மாசம் பூரா மண்டபம் காத்தாடுது, எந்த நாளு வேணுமோ எடுத்துக்குங்க, வாடகையிலயும் பாத்து செய்யிறோம்'னு. எனக்கு மட்டும் தெரியாதா? மாப்பிள்ள அபுதாபியில இருக்காரு, பரங்கிப்பேட்ட புள்ள, நல்ல புள்ள. அவருக்கு ஆடியும் சரி, ஆவணியும் சரி. சம்பந்தி வூட்டுலயும் ஒத்துகிட்டாங்க. எனக்குத்தாண்ணே ஆடியில லீவு இல்ல.

ஏன்னா? ஆடியில கம்பெனி ஓடுது.

ஏன் ஓடுதுன்னா... ஓடுதுண்ணே. கம்பெனின்னா ஓடத்தானே செய்யும்.

அத விடுங்க. நான் என்னா வேல பாக்குறேன்னு நீங்க இன்னும் கேக்கவே இல்லியே. மெட்ராஸ் பக்கத்துல ஒரு காரு கம்பெனி. சாதா காரு இல்லண்ணே. அதுல ஏறி ஒக்காந்தா சீட்டே முதுகு புடிச்சி உடும். ஒரு வண்டி வெலைக்கி ஒங்க மண்டபத்த சாப்பாட்டுக் கூடத்தோட வாங்கிடலாம். கோச்சிக்காதீங்க, ஒரு பேச்சுக்கு சொன்னேன். அங்க அடுத்த வருசம் முழுக்க எந்த மாசம் எத்தன வண்டி, எந்தக் கலரு, எந்தத் தோலு சீட்டு, எந்த நாளு வண்டி கோக்குற லைன் ஓடணும், எந்த நாளு நிக்கணும், இத்தனையும் திட்டம் போட்டுக் குடுக்குறது யாரு? ஒங்க எதுர்ல நனைஞ்சி ஒக்காந்திருக்கானே, இவன்தான்.

லேசுன்னு நெனைக்காதீங்க. சாமானெல்லாம் கப்பல்ல பொட்டி பொட்டியா வரணும். இன்னிக்கி நான் சொன்னாத்தான் அடுத்த பங்குனியில கதவு வந்து எறங்கும். நம்ப ஊருல எவனுக்கு எந்தக் கலரு புடிக்கும்னு இப்பவே நான் சொல்லணும். நான் பாட்டுக்கு வெள்ள, வெள்ள, வெள்ளன்னு எழுதுனேன். வெளிநாட்டுலேருந்து எங்களுக்கு மேல ஒருத்தரு இருக்காரு, ஹென்ரிக்னு பேரு. 'என்ன மஜீத், இந்தியாவுல வேற கலரே கண்ணுக்குத் தெரியாதா, இந்த வருசம் பச்சை போடுவோம்'ங்கிறாரு. போட்டோம். ஒரு பச்ச வண்டி இன்னிக்கும் ஷெட்டுல நிக்குதுண்ணே. காக்கா எச்சம் போட்டுப் போட்டு அதுவே வெள்ளையாயிடும் போல இருக்கு.

அதவிட பெரிய கூத்து ஒண்ணு கேளுங்க. பண்ருட்டியில ஒரு முந்திரி வியாபாரி. வண்டி புக் பண்ணாரு, பணம் கட்டிட்டாரு, டெலிவரிக்கி வந்தவரு ஒரு கேள்வி கேட்டாரு. 'இந்த வண்டி என்னிக்கி பொறந்துச்சி?' பொறந்துச்சாம்! 'மொதமொதல்ல இஞ்சின எந்த நேரத்துல முடுக்குனீங்க, அப்ப என்ன நட்சத்திரம்'னு கேக்குறாரு. பாத்தா, அன்னிக்கி அஷ்டமி. மனுசன் சாவிய வாங்கமாட்டேன்னு மல்லாந்துட்டாரு. வேற வண்டிய மாத்திக் குடுத்து அனுப்புறதுக்குள்ள எனக்கு நாக்கு தள்ளிடுச்சி. அன்னியிலேருந்து என் மேசையில கம்ப்யூட்டரு ஒரு பக்கம், தேதி கிழிக்கிற காலண்டரு ஒரு பக்கம். ராகு காலம், எமகண்டம், கரிநாளு, அஷ்டமி, நவமி, எதக் கேட்டாலும் சொல்லுவேன். தூக்கத்துல எழுப்பிக் கேளுங்க, சொல்லுவேன். ஆபீஸ்ல எனக்கு ஜோசியர் பாய்னே பேரு வச்சிட்டாங்க. அஞ்சு வேள தொழுகுற மனுசன், என் நெலம எப்புடின்னு பாருங்க!

போனு அடிக்குது பாருங்க. எடுங்க, எடுங்க... என்னா, அந்த வியாழக்கெழமையத்தான் கேக்குறாங்களா? ஆளு ஒக்காந்திருக்காருன்னு சொல்லுங்க! சொல்லிட்டீங்களா? அதான் பழனி அண்ணங்கிறது.

தரேண்ணே, அட்வான்ஸ்தானே, தரேன்னு சொல்றேன்ல. ஒரு வெசயம் சொல்லிட்டுத் தரேன்.

எங்க ஹஃப்சாவுக்குப் போன மாசம் நிச்சயம் வச்சோம். லீவுக்கு எழுதிக் குடுத்து, ரயிலுக்கு டிக்கெட்டு போட்டு, புதுசட்ட எடுத்து, எல்லாம் ஆச்சு. முந்துன நாளு சாயங்காலம் துறைமுகத்துலேருந்து போனு, கப்பலு வரல, ஸ்டீயரிங் பொட்டியெல்லாம் நடுக்கடல்ல நிக்குதுன்னு. லைன மாத்திப் போடணும், வேற யாருக்கும் தெரியாது, நின்னுட்டேன். எம்பொண்ணு நிச்சயத்த நான் போனுல பாத்தேண்ணே. எம்பொஞ்சாதி ஷரீபா போன சீர்த்தட்டு மேல சாய்ச்சி வச்சிருக்கா, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வாழப்பழச் சீப்புதான். சீப்புக்குப் பின்னாடி எம்பொண்ணு நெத்தி மட்டும் கொஞ்சம் தெரிஞ்சிச்சி.

எல்லாம் முடிஞ்சி ஹஃப்சா போன கையில எடுத்து ஒண்ணே ஒண்ணு கேட்டா. 'அத்தா, நிக்காஹுக்காவது நேர்ல வருவீங்களா, இல்ல அன்னிக்கும் தட்டு மேலதானா?'

சிரிச்சிகிட்டுத்தான் கேட்டா. எனக்குத்தான் சோறு எறங்கல. பொண்ணுக்கு வலீ நான், அத்தாக்காரன் பக்கத்துல ஒக்காந்து சம்மதம் சொல்லிக் குடுக்கணும்ணே. அதப் போயி போனுல செய்யவா? அதனாலதான் சொல்லிட்டேன், லைன் ஓடுற நாளு எதுவும் வேணாம், எந்த நேரம் எந்தக் கப்பலு கழுத்தறுக்கும்னு தெரியாது. கம்பெனிய மொத்தமா பூட்டுற வாரம் ஒண்ணு இருக்கு, வருசாந்தர ஷட்டவுன். கப்பலு வந்தா என்னா, வராட்டி என்னா, கேட்டுல பூட்டு. அந்த வாரத்துலதான் எம்பொண்ணு கல்யாணம். ஷரீபாவும் காலைல சொல்லித்தான் அனுப்பியிருக்கா, 'மண்டபத்தப் புடிச்சாச்சின்னு போனப் போட்டுட்டு வூட்டுக்கு வாங்க, இல்லாட்டி பள்ளிவாசல்லயே படுத்துக்குங்க'ன்னு.

ஆமாண்ணே, அந்த ஷட்டவுன்தான் ஆவணி வாரம்.

என்னா அப்புடிப் பாக்குறீங்க? ...ம்? அந்த வாரத்துக்கு மண்டபம் கேட்டு வந்தவன்ல முக்காவாசிப் பேரு காரு கம்பெனிப் பசங்களா? அப்புடியா! பாருங்களேன். எந்தக் காரு கம்பெனியோ...

சரிண்ணே, எங்க கம்பெனிதான். மறைக்கிறதுக்கு என்னா இருக்கு. நான் கேட்டது, யாரு பண்ண வேலன்னுதானே. எங்க ஆபீஸ்ல ஒரு ஆளு. அறிவாளி. ரொம்ப அறிவாளி. அந்தாளு குடுத்த யோசனைதான் எல்லாம்.

எப்புடின்னா, முன்னாடியெல்லாம் ஷட்டவுன் ஆடியிலதான். ஆடியில நம்ப ஆளு எவன் புதுவண்டி எடுப்பான்? ஹென்ரிக் எங்கிட்ட கேட்டாரு, 'ஏன் மஜீத், அந்த மாசம் மட்டும் விற்பனைக் கோடு இப்புடிக் குப்புற உழுது, மழையா?' ஆடின்னு சொன்னேன். 'தள்ளுபடி குடுத்தா?'ன்னாரு. அய்யா, அது சேலைக்கி, இதுக்கு இல்லன்னேன். அப்ப பூட்டிடுங்கன்னாரு, பூட்டுனோம். வருசா வருசம் ஆடியில பூட்டு, ஆவணியில ஓட்டு. நல்லாத்தான் போயிகிட்டு இருந்துச்சி.

ஆனா லைன்ல வேல செய்யிற பசங்க யாரு? எல்லாம் நம்ப பக்கத்துப் பசங்க. காட்டுமன்னார்கோயில்லேருந்து ஒருத்தன் மொதல்ல வந்தான். அவன் மச்சான இட்டாந்தான். மச்சான் அவன் பங்காளிய இட்டாந்தான். பங்காளி திட்டக்குடியில பொண்ணு கட்டுனான், அங்கேருந்து நாலு பேரு. இப்ப வண்டிக்கிக் கதவு மாட்டுற எடத்துல நிக்கிறவன் எல்லாம் ஒருத்தனுக்கு ஒருத்தன் மாமன் மச்சான். என்னையும் மாமான்னுதான் கூப்புடுவானுவ. ஒருத்தனுக்குக் கல்யாணம்னா கதவு போச்சி! மொத்த எடமும் காலி! ஆடி முழுக்க வூட்டுல சும்மா குந்தியிருந்துட்டு, ஆவணி பொறந்ததும் முகூர்த்தம் முகூர்த்தம்னு எல்லாவனும் கெளம்பிடுவானுவ. போன ஆவணியில வெளிநாட்டுலேருந்து பெரிய பெரிய ஆளுங்க சுத்திப் பாக்க வராங்க, லைன்ல வண்டி வரிசையா நிக்குது, ஒண்ணுத்துக்கும் கதவு இல்ல! ஹென்ரிக் ஒரு வண்டிய சுத்திச் சுத்தி வந்து, 'இது புது மாடலா மஜீத்?'ன்னு கேட்டாரு. பூமி பொளந்து உள்ள போயிடலாம் போல இருந்துச்சி.

அப்பத்தான் அந்த அறிவாளி யோசிச்சான். ஆடியில எவனும் கல்யாணம் வைக்கமாட்டான், அதனால எவனும் லீவு கேக்கமாட்டான். அப்ப லைன ஆடியில ஓட்டு. ஆவணியில வாங்க வர்றவனுக்கு வண்டி ரெடி. ஷட்டவுன எடுத்து ஆவணியில, முகூர்த்தம் எந்த வாரத்துல அடைஞ்சி கெடக்குதோ, அந்த வாரத்துல போடு. பயலுவ கல்யாணத்துக்கும் போயிக்கட்டும், கம்பெனிக்கும் நட்டமில்ல. எப்புடி இருக்கு? காலண்டர வச்சி நாளு நாளா பாத்து, அந்த வாரத்தப் புடிச்சான் பாருங்க, அதுக்கே தனியா பாராட்டணும். கூட்டத்துல சொன்னதும் ஹென்ரிக் எழுந்து நின்னு கை தட்டுனாரு. மேடையில கேடயம் குடுத்தாங்க. என்னா கனம்ங்கிறீங்க அந்தக் கேடயம்! பஸ்சுல மடியில வச்சிகிட்டு வந்து தொடையே மரத்துப் போச்சி. டிவிக்கு மேல வச்சா டிவி சாயுதுன்னு ஷரீபா பீரோ மேல தூக்கி...

என்னாத்துக்குண்ணே சிரிக்கிறீங்க?

சிரிக்காதீங்க. அந்தாளு கேடயத்த நான் பத்திரமா வச்சிருக்கக் கூடாதா?

தோ, திரும்ப போனு. எடுங்க. இங்க கேக்கலன்னா வாசல்ல நின்னு பேசுங்க, மழ சத்தம் அங்க கம்மி... நான் இங்கேருந்தே சொல்றேன், கேட்டுகிட்டே பேசுங்க! அண்ணே! அந்தாளு என்னா நெனைச்சான்னா, அவன் அவன் ஊருல அவன் அவன் கல்யாணம் வச்சிக்குவான்னு நெனைச்சான்! இத்தன பயலும் இத்தன வருசமா சேந்தாப்புல ஒரு வாரம் லீவு கெடைக்காம சொந்தக் கல்யாணத்தத் தள்ளிப் போட்டுகிட்டு இருந்தானுவன்னு அவனுக்கு எப்புடித் தெரியும்? திட்டத்த போர்டுல ஒட்டுன அன்னிக்கே, அன்னிக்கேண்ணே, கேன்டீன்ல ஒருத்தன் டீ குடிக்கல! எல்லாவனும் போனக் காதுல வச்சிகிட்டு நிக்கிறான்! நான்கூட, பரவாயில்லையே, எல்லாரும் வூட்டுக்கு நல்ல சேதி சொல்றானுவன்னு சந்தோசப்பட்டேன்! அவனுவ மண்டபம் புடிச்சிகிட்டு இருந்திருக்கானுவ! அண்ணே, கேக்குதா? அட்வான்ஸ எடுத்து மேசையில வைக்கிறேன்! எந்தப் பையில வச்சேன்... இதுல ரயில் டிக்கெட்டு... இது மாத்திரச் சீட்டு... 

ஆங், தோ. எடுத்துட்டேன். வாங்க, வந்து ஒக்காருங்க. எண்ணிப் பாத்துக்குங்க.

என்னா நின்னுகிட்டே இருக்கீங்க?

...என்னாண்ணே சொல்றீங்க? போயிடுச்சா? எது போயிடுச்சி? வியாழக்கெழமையா! கண்ணுக்கு எதுர்ல ஒரு மனுசன் ஒக்காந்திருக்கேன்! பொண்ணு கல்யாணம்னு சொல்லிகிட்டு இருக்கேன்! போனுலயே அட்வான்ஸ் போட்டுட்டானா? ஓனரே வாங்கிக்கன்னு சொல்லிட்டாரா? நீங்க கேட்டீங்கதான், நான் இல்லன்னு சொல்லலியே, தரேன் தரேன்னுதானே சொன்னேன்! ரெண்டு வார்த்த பேசுறதுக்குள்ள... என்னாது, மழ ஆரம்பிச்சதுலேருந்து பேசுறனா? நானா?

எவண்ணே அவன்? எந்த ஊரு? நல்லா இருப்பானா அவன்...

இருங்க, இப்ப எம்போனு அடிக்குது. இளவரசு. எங்க லைன்ல கதவு மாட்டுற பய, காட்டுமன்னார்கோயிலு. இவன் வேற இந்த நேரத்துல.

சொல்றா மாப்ள... என்னா சத்தம், மெதுவாப் பேசு... கெடைச்சிடுச்சா? மாஷா அல்லாஹ், ரொம்ப சந்தோசம். ஊருல எல்லாம் நெரம்பிடுச்சின்னு அழுதுகிட்டு இருந்தியே... எங்க, சிதம்பரத்துலயா... இப்பத்தானா, இந்த நிமிசமா... அமராவதி மகாலா.

...

இல்லடா, லைன்லதான் இருக்கேன். இல்ல, மழ சத்தம்... நானா? நான் ஏண்டா முன்னாடி நிக்கணும்? 'நீங்க புடிச்சிக் குடுத்த லீவு மாமா, நீங்கதான் முன்னாடி நின்னு நடத்தி வைக்கணும்'ங்கிறான்ணே... சரிடா. வரேன்டா. பத்திரிகையில பேரெல்லாம் போடாத. ஷட்டவுன் தந்த செம்மலா? டேய், அத மட்டும் போட்டன்னா நான் வரமாட்டேன் பாத்துக்க! நல்லா இருடா. நல்லா இரு. வச்சிடு.

நல்ல பயண்ணே. அவன என்னான்னு திட்டுறது? மூணு வருசமா அந்தப் பொண்ணு இவனுக்காகக் காத்துகிட்டு இருக்கு.

நான் இப்ப வூட்டுக்கு எப்புடிப் போவேன்? ஹஃப்சா மூஞ்சில எப்புடி முழிப்பேன்? திருப்பியும் வாழப்பழச் சீப்புதானா? அண்ணே, ஏதாச்சும் சொல்லுங்களேன். வந்ததுலேருந்து வாயே தொறக்கமாட்டேங்கிறீங்க.

போச்சி, ஷரீபா கூப்புடுறா. எடுக்கவா வேணாமா? எடுக்கலன்னா இன்னும் மோசம்.

ஆங், ஷரீபா... இங்கதான், மண்டபத்துலதான்... மேனேஜர்கிட்டதான் பேசிகிட்டு... வியாழக்கெழம போயிடுச்சிம்மா. என்னா செய்ய, ஊரு முழுக்க ஒரே வாரத்துல கல்யாணம் வச்சிருக்கு. எந்த மடையன் இந்த வாரத்தப் பாத்து ஷட்டவுன்னு போட்டானோ தெரியல, அல்லாஹ் அவனுக்கு நல்ல புத்தியக் குடுக்கட்டும்!... கேடயமா? அது இது வேற, கேடயத்த எதுக்கு இப்ப இழுக்குற? கேளு, கேளு, அழாத. தேடிப் பாத்துட்டேன், இந்த மண்டபத்துல ஒரு நாளும் இல்ல. வெள்ளி சனி சும்மாதான் கெடக்கு, ஆனா வெள்ளி அஷ்டமி, சனி நவமி, அதுல எப்புடி...

அலோ? ஷரீபா? அலோ?... ஏன் பேசமாட்டேங்கிற?... என்னா கேள்வி இது, நான் யாருன்னு ஒனக்குத் தெரியாதா? அப்துல் மஜீத்... ஆமா, கலிமா சொன்ன மனுசன்தான்... ஆமா, பொண்ணும்...

...அட.

அட, ஆமால்ல!

நமக்கு ஏது அஷ்டமி! வெள்ளிக்கெழம! ஜும்மா தொழுதுட்டு நிக்காஹ்! அதவிட என்னா நல்ல நாளு வேணும்? அஸ்தக்ஃபிருல்லாஹ், அந்தப் பண்ருட்டிக்காரரு என்னை எங்க கொண்டாந்து உட்டிருக்காரு பாரு! ஷரீபா, அழுகுறியா சிரிக்கிறியா? சரி சிரி, ஹஃப்சாகிட்ட சொல்லு, அத்தா நேர்ல வரேன்னு சொல்லு, பக்கத்துல ஒக்காருவேன்னு சொல்லு, வை, வை, நான் அட்வான்ஸ் குடுத்துட்டுக் கூப்புடுறேன்!

பழனி அண்ணே! வெள்ளி! வெள்ளிக்கெழமையப் போடுங்க, தோ பணம், இந்தாங்க...

அண்ணே?

எங்க போனாரு இவரு? நாற்காலி காலியா இருக்கு. மழ எப்ப விட்டுச்சி? ஸ்கூட்டரு சத்தம் கேக்குதே... அண்ணே! பழனி அண்ணே! நில்லுங்க, கேட்டத் தாண்டாதீங்க! அட்வான்ஸ் கையில இருக்கு! ஒரு வார்த்த பேசமாட்டேன், அல்லாஹ் மேல ஆணையா வாயே தொறக்கமாட்டேன், வாங்கிகிட்டு நீங்க பாட்டுக்குப் போயிகிட்டே இருங்க! எனக்கு இதெல்லாம் ஒரு பாடம்ணே, இதே மாதிரிதான் போன வருசம் பரங்கிப்பேட்டையில என்னா ஆச்சின்னா...